வட்டியை விழுங்கிய வகுத்தல் குறி

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் வட்டிக் கணக்கு என்றால் எல்லோரும் காது கொடுப்பார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில், ஐந்து மாத வட்டிக்காக 5/12 என்று எழுதினால் விடை பூஜ்யம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை உதறிவிடும். அதை அசலோடு பெருக்கினால் கடன் கொடுத்தவர் தலையில் துண்டுதான். 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு இதைச் சரிசெய்தது, இப்போது 0.4166 என்று பின்னமும் வரும். நல்லதுதான். ஆனால் ஆத்தங்குடிக் கல் செய்பவர், நூறு கல்லைப் பெட்டிக்குப் பன்னிரண்டாக அடுக்கினால் எத்தனை பெட்டி நிறையும் என்று பழைய விதியை நம்பி எழுதியிருப்பார். அவருக்கு எட்டு என்ற விடைதான் வேண்டும். 8.33 பெட்டியை எந்த வண்டியில் ஏற்றுவது?

மொழி மாறும்போதெல்லாம் இந்தத் தகராறு வரும். பழைய நிரலைப் படித்து, அதே வேலையைச் செய்யும் புதிய நடை நிரலாக எழுதித்தரும் கருவிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. எந்திரத்துக்கான கட்டளையாக இல்லாமல், நாம் படித்துத் திருத்தக்கூடிய நிரலாகவே தரும். பைத்தானோடு வந்த ‘டூ டு த்ரீ’ கருவி, விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தது. வகுத்தல் குறியை மட்டும் தொடவில்லை. எப்படித் தொடும்? அது வட்டியா, கல்லா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே! இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி வரை இழுத்ததற்கு இதுபோன்ற இடங்களும் ஒரு காரணம் என்பேன்.

கோ என்ற நிரல்மொழிக்காரர்கள் 2011-இல் ‘கோஃபிக்ஸ்’ என்ற இதேபோன்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். எல்லா நிரலையும் ஒரே அமைப்பில் ஒழுங்குபடுத்தும் கருவி அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததால், கருவி திருத்தியதும் ஆள் திருத்தியது போலவே இருந்தது. ரஸ்ட் என்ற நிரல்மொழி இன்னும் சாமர்த்தியம். 2018 பதிப்பில் ‘அசிங்க்’ என்ற சொல்லை மொழியே எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரில் யாராவது மாறி (மதிப்பைச் சேமிக்க நிரலில் வைக்கும் பெயர்) வைத்திருந்தால், கருவி அதன் முன்னால் ஒரு குறி போட்டுக் காப்பாற்றும். மாற விரும்பாதவர் பழைய பதிப்பிலேயே இருக்கலாம். இரண்டு பதிப்பு நிரல்களும் ஒன்றாகவே ஓடும்.

என் கட்சி இதுதான்: மொழியில் விதியை மாற்றுகிறவரே, பழைய நிரலை மாற்றும் கருவியையும் சேர்த்து எழுத வேண்டும். கருவியால் தீர்க்க முடியாத இடத்தில், பழைய குறிக்குச் சத்தமில்லாமல் புதுப் பொருள் கொடுக்கக் கூடாது. முழு எண் வகுத்தலுக்கென்று இரட்டைச் சாய்கோட்டைப் பைத்தான் 2001-லேயே கொடுத்தது. மூன்றாம் பதிப்பு, ஒற்றைக் கோட்டில் இரண்டு முழு எண் வந்தால் சில காலம் பிழை என்று நிறுத்தியிருந்தால், எது வட்டி, எது கல் என்று எழுதியவரே பிரித்துக் கொடுத்திருப்பார்.

கல்லூரிப் பிள்ளைகள் இப்படி ஒரு கருவியைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம். பைத்தானிலேயே உள்ள ‘ஏஎஸ்டி’ தொகுதியால் நிரலைப் பிரித்து மறுபடி எழுதினால், இடையில் எழுதிவைத்த குறிப்புரைகள் எல்லாம் காணாமல் போயிருக்கும். அவற்றை இருந்த இடத்திலேயே நிறுத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது.