முற்றிய நாற்று

மேடையில் அமர்ந்திருக்கும் சபைகுரு ஐயர் அவர்களே, ஐயரம்மா அவர்களே, வயலில் ஆளை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சபைச் செயலர் அண்ணன் அவர்களே, பந்தல் போட்ட கீழத்தெருத் தம்பிகளே, எல்லாருக்கும் தோத்திரம். யார் பேராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் ஒருத்தரை விட்டுவிட்டேன், அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

'சீஷத்துவத்தில் முதிர்ச்சி', அதாவது இயேசுவின் சீடராக வாழ்வதில் முதிர்ச்சி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேதம், ஜெபம், அயலான் என்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் நான் எப்போதும் சொல்லும் பழமொழி: அகல உழுவதை விட ஆழ உழு.

சம்பா நாற்று 30, 35 நாளில் பறித்து நட்டாகணும் இல்லையா? தண்ணீர் வரவில்லை என்று நாற்றங்காலிலேயே விட்டால் என்ன ஆகும்? பச்சைப்பசேல் என்று உயரமாகத்தான் நிற்கும், ஆனால் நட்ட பிறகு பக்கத்தில் கிளை வெடித்துச் சரியாகத் தூர் கட்டாது. நம் சபையில் முற்றிய நாற்று நிறைய (நானும் ஒன்று). போதகராக இருக்கவேண்டிய காலத்தில் இன்னும் பால் குடிக்கிறீர்களே என்று எபிரெயர் 5-ம் அதிகாரம் கேட்பது நம்மைத்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர், குருப்பட்டம் பெற்றவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். நமக்கு ஓய்வுநாள் பள்ளியோடு படிப்பு முடிந்துவிட்டது.

சரி, என் பெரியப்பா கதைக்கு வருகிறேன். 119-ம் சங்கீதம் 176 வசனமும் அவருக்கு மனப்பாடம். ஆனால் வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கும்போது பக்கத்து வயல்காரர் பக்கமாக மண்வெட்டி கொஞ்சம் தாராளமாகவே போகும். ஒரு வருஷம் தண்ணீர் தட்டுப்பாடு, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அன்றைக்கு அவர் முறை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பக் கிளம்பிவிட்டார். பாம்புப் பயம் வேறு, அதனால் சத்தமாக வசனம் சொல்லிக்கொண்டே நடக்கிறார்: "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும்..." இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "அண்ணே, அந்தத் தீபத்தை இந்த மடைப்பக்கமும் கொஞ்சம் காட்டுங்க." வரப்பிலேயே சாக்கு விரித்துக் காவல் படுத்திருந்திருக்கிறார் வயல்காரர்!

பெரியப்பா ஒன்றும் பேசாமல் திரும்பினார். அடுத்த இரண்டு ஞாயிறு நற்கருணைக்கு முழங்கால் போடவில்லை. அப்புறம் ஒரு காலையில் கயிறு பிடித்து அளந்து, முக்கால் அடி நிலத்தை அவராகவே விட்டு வரப்புப் போட்டுக் கொடுத்தார். ஞானஸ்நானம் வாங்கி 50 வருஷம் கழித்து. அகல உழுவதை விட ஆழ உழு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

மணி ஆகிவிட்டது, ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேதமும் ஜெபமும் இன்னொரு நாள். அயலான் என்றதும் எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வருகிறது. நாம் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் நம் கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறதே, அதைத் தாண்டி மேலத்தெருவுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இல்லை, அதனால்தான் நாம் முதலில் இறங்கணும் என்கிறேன். இந்த வருஷம் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பந்தலைச் சின்னதாகப் போடுவோம், மீதிப் பணத்தில் வாய்க்கால் தூர்வார வருகிறவர்களுக்கு டீயும் சாப்பாடும். ஆழ உழு என்றால் இங்கே ஆழத் தோண்டு!

தலைவர் அம்மா சரி என்று தலையாட்டுகிறார்கள், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணி. மண்வெட்டி இல்லாதவர்களுக்கு என் வீட்டில் மூன்று இருக்கிறது, வெள்ளி சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.