பெரிய விமான நிலையத்தில் வழி தவறாமல் செல்வது எப்படி?

[காட்சி: புறப்பாட்டுக் கூடம் மேலிருந்து தெரிகிறது; மக்கள் பல திசைகளில் நடக்கிறார்கள்.]

வணக்கம். பெரிய விமான நிலையத்துக்குள் முதன்முறையாக நுழைபவருக்கு வரும் மலைப்பு, அந்த இடம் முழுவதையும் உடனே புரிந்துகொண்டுவிட வேண்டும் என்று மனம் பரபரப்பதால் வருவது. அப்படிப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. பெட்டிகளை ஒப்படைத்துப் பதிவுசெய்யும் செக்-இன், பாதுகாப்புச் சோதனை, வெளிநாட்டுப் பயணமானால் குடியேற்றச் சோதனை, கடைசியில் விமானத்தில் ஏறும் வாசலான கேட் என்று பயணியின் பாதை ஒரு சங்கிலிபோல் செல்கிறது. இடையில் உள்ள சோதனைகள் நாட்டுக்கு நாடு முன்பின் மாறலாம். ஆனாலும் எங்கே நின்றாலும் அடுத்த கண்ணியை மட்டும் தேடினால் போதும்.

[காட்சி: போர்டிங் பாஸ் அருகில் காட்டப்படுகிறது.]

கிளம்புவதற்கு முன்பே டெர்மினல் (முனையக் கட்டடம்) எண்ணையும், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், கேட்விக்குக்கு எல்ஜிடபிள்யூ என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் நம்பிப் போனால் வேறொரு விமான நிலையத்தில் போய் இறங்க நேரலாம்.

போர்டிங் பாஸில் பலரும் தடுமாறும் இடங்கள் இரண்டு. 12ஏ என்பது இருக்கை எண். ஏ12 என்பது கேட் எண். அடுத்தது நேரம். பெரிதாக அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நடப்பவர்கள், அதற்குப் பல நிமிடங்கள் முன்னதாகவே கேட் மூடப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டியது விமானத்தில் ஏறத் தொடங்கும் நேரத்தைத்தான்.

[காட்சி: புறப்பாடுகளைக் காட்டும் பெரிய திரை.]

திரையில் விமானங்கள் பெரும்பாலும் புறப்படும் நேர வரிசையில் இருக்கும். ஆகவே முதலில் நேரத்தையும், பிறகு விமான எண்ணையும் தேடுங்கள். ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்பதால், உங்கள் எண் திரையில் உடனே தென்படாமல் போகலாம்; எண்கள் மாறி மாறி வரும்வரை சற்றுப் பொறுங்கள். அச்சிட்ட கேட் எண் பின்னர் மாறக்கூடும் என்பதால், பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் திரையை மீண்டும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

[காட்சி: கூரையிலிருந்து தொங்கும் மஞ்சள் பலகைகள்.]

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 1967ஆம் ஆண்டு புதிய முனையம் திறக்கப்பட்டபோது, பென்னோ விஸ்ஸிங் என்ற வடிவமைப்பாளர் விமானத்துக்கு வழிகாட்டும் பலகைகளை மஞ்சள் நிறத்தில் அமைத்து, கழிப்பறை, உணவகம் போன்ற வசதிகளுக்கான பலகைகளை வேறு நிறத்தில் பிரித்தார். இந்த நிறப் பிரிப்பைப் பின்னர் வேறு பல விமான நிலையங்களிலும் காண முடிகிறது. உள்ளே நுழைந்ததும் கேட் எண்கள் எந்த நிறப் பலகையில் உள்ளன என்று ஒரு நிமிடம் நின்று கவனித்துவிட்டால், கடைகளின் விளம்பர வெளிச்சத்துக்கு நடுவிலும் கண் அந்த நிறத்தையே தேடிப் பிடிக்கும். இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை என்றே கருதுகிறேன்.

மேல்நோக்கிய அம்புக்குறி பெரும்பாலும் 'நேராகச் செல்லுங்கள்' என்று சொல்கிறதே தவிர, மாடிக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு பிரிவைத் தாண்டிய பிறகு உங்கள் கேட் எண் எந்தப் பலகையிலும் வரவில்லையென்றால், கடைசியாக அதைப் பார்த்த இடத்துக்கே திரும்பி வாருங்கள்.

[காட்சி: நிலத்தடி ரயில் வந்து நிற்கிறது.]

கேட்களின் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் வரிசையாகவே வரும். அட்லாண்டா விமான நிலையத்தில் ஏ, பி, சி என்று நீளும் கட்டடங்களை ஒரு நிலத்தடி ரயில் இணைப்பதால், எத்தனை நிறுத்தம் தள்ளி இறங்க வேண்டும் என்பதை எழுத்தை வைத்தே எண்ணிவிடலாம். பல இடங்களில் ஒற்றைப்படை கேட்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை கேட்கள் எதிர்ப்பக்கமும் அமைகின்றன. ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகும். கைப்பையோடும் குழந்தையோடும் நடந்தால் இன்னும் கூடும்.

இணைப்பு விமானம் பிடிப்பவர்கள், கூட்டம் வெளியேறும் திசையில் தாமும் போய்விடாமல், இணைப்புப் பயணிகளுக்கான பலகையைத் தேட வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வருபவர்கள், பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்துப் பெட்டிகளையும் எடுக்க நேரும் என்பதால், அங்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

[காட்சி: உதவியாளர் ஒருவர் வீல்சேரைத் தள்ளிச் செல்கிறார்.]

வயதான பெற்றோர் தனியாகப் பயணிக்கிறார்கள் என்றால், வீல்சேர் உதவியைக் கேட்கத் தயங்காதீர்கள். நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்காகவே அந்த ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்; மற்ற நாடுகளிலும் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. வெளியே தெரியாத உடல், மனச் சிரமம் உள்ளவர்களுக்காக, கேட்விக்கில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை இப்போது பல நாடுகளின் விமான நிலையங்களில் கிடைக்கிறது. அதை அணிந்திருப்பவருக்குக் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படலாம் என்று பணியாளர்கள் புரிந்துகொள்வார்கள்.

[காட்சி: சுழலும் பெல்ட்டில் பெட்டிகள் வருகின்றன.]

இறங்கிய பிறகு, விமான எண்ணுக்கு நேராகத் திரையில் உள்ள பெல்ட் எண்ணைப் பார்த்துச் சென்று, பெட்டியில் ஒட்டிய சீட்டின் எண்ணை உங்களிடம் உள்ள துண்டோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அழைத்துப் போக வந்திருப்பவரிடம் 'வெளியே நிற்கிறேன்' என்று சொன்னால் அவருக்கு இடம் தெரியாது. தளத்தையும் வாசல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.