முதியோர் நடையை ஆராயப் போகிறீர்களா? முதலில் தரையில் உட்கார்ந்து பாருங்கள்

[காட்சி: கணியம்பாடிப் பக்கம் ஒரு வீட்டு வாசல். சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு போடுகிறார் ஒரு மாணவி.]

வணக்கம். பிசியோதெரபியோ முதியோர் மருத்துவமோ பொது சுகாதாரமோ படித்துவிட்டு, வயதானவர்களின் நடை, தள்ளாட்டம், விழுதல் பற்றி ஆராய்ச்சி செய்ய இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்த வீடியோ. விழுந்து அடிபட்டு உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நாடுகளில்தான். ஆனால் நம் கைக்கு வரும் பரிசோதனைகள் பெரும்பாலும் நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிய ஊர்களில் உருவானவை. பயிற்சியை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1991-இல் வந்த ஒரு பரிசோதனையை எல்லோரும் படித்திருப்பீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. கேட்கச் சுலபம். ஆனால் ஒரு வீட்டில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி, அடுத்த வீட்டில் ஸ்டூல், அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் ஓடட்டும் என்று சரித்துப் போட்ட வாசல். எல்லாவற்றிலும் எடுத்த விநாடிகளை ஒரே எக்செல் ஷீட்டில் போட்டால் அது என்ன கணக்கு? ஒரே நாற்காலியை வண்டியில் கட்டி வீடு வீடாக எடுத்துப் போங்கள். தரை சமமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

[காட்சி: குடியாத்தம். ஒரு பாட்டி பீடி சுற்றுகிறார்.]

இப்போது இந்தப் பாட்டியைப் பாருங்கள். காலையிலிருந்து மடியில் முறத்தோடு தரையில்தான் இருக்கிறார். எழப் போகிறார். முறத்தைத் தள்ளி வைக்கிறார், ஒரு பக்கமாகச் சாய்ந்து இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றுகிறார், ஒரு முழங்கால், அப்புறம் சுவர். எழுந்தாயிற்று, ஆனால் உடனே நடக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறார். கேட்டால் "கிறுகிறுன்னு வருதுப்பா" என்பார். வேலூர் வெயிலில், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு இருப்பவருக்கு அது வரத்தான் செய்யும். படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் அது முக்கியமான செய்தி, மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி.

தரையில் உட்கார்ந்து எழுவதையே மதிப்பெண் போட்டுப் பார்த்த ஆய்வு 2012-இல் பிரேசிலிலிருந்து வந்தது: 10-க்கு எவ்வளவு, கையோ முழங்காலோ ஊன்றினால் குறையும். நம் ஊர் வாழ்க்கைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று யோசியுங்கள். நல்ல தீசிஸ் இதில் இருக்கிறது.

பாதத்தை மறக்காதீர்கள். தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவதற்குப் பெரிய காரணம் உணர்ச்சி போய்விடுவதுதான் என்பதை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக் காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே பிரச்சினை. தரை காலுக்குத் தெரியாவிட்டால் நிலையாக நிற்பது எப்படி? கண், உள்காது, தசை, மூளை, தூக்க மாத்திரை என்று இன்னும் பல காரணங்கள் சேரும். அதனால் ஒரே துறையில் ஒரே வழிகாட்டியோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் நரம்பியலிலும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். புள்ளியியல் தெரிந்தவரை ஆய்வு தொடங்கும் முன்பே பாருங்கள், முடிந்த பிறகு அல்ல.

அளக்கும்போது நம்மவர்களுக்கு வரும் ஒரு பழக்கம்: தாத்தா நடந்துகொண்டிருக்கும்போதே "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று அன்பாகக் கேட்பது. அவர் நின்று பதில் சொல்வார், உங்கள் விநாடி போச்சு. பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-இலேயே ஸ்வீடனில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் அதையும் பார்க்கலாம், ஆனால் தனியாக. இன்னொன்று, நீங்கள் நிற்க வேண்டியது அவர் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், கை எட்டும் தூரத்தில். ஸ்டாப்வாட்ச் அப்புறம்தான்.

[காட்சி: சுவரில் தினசரி காலண்டர்.]

"போன வருஷம் விழுந்தீங்களா?" என்று கேட்டால் விழுந்தவர்களிலேயே பல பேர் இல்லை என்பார்கள். மறந்திருக்கும், அல்லது சொன்னால் மகன் கோயிலுக்குக்கூடத் தனியாக விடமாட்டான் என்ற பயம். அன்றன்றைக்குக் குறித்து வைத்து, மாதம் ஒரு முறையாவது சேகரிப்பதுதான் விழுதல் ஆய்வுகளில் பரிந்துரைக்கப்படும் முறை. கிழிக்கும் காலண்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதில் ஒரு டிக் போதும். கிழித்த தாளை ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மறுபடி போகும்போது சில வீடுகள் பூட்டியிருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து சென்னையில் மகள் வீட்டுக்குப் போனவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால், அதிகம் விழுந்தவர்களே கணக்கில் வராமல் போவார்கள். அதனால் ஒப்புதல் படிவம் வாங்கும் முதல் நாளே, மகள் ஒன்று, பக்கத்து வீடு ஒன்று என்று இரண்டு போன் நம்பரை அவர் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள்.