சுவர் இருந்தால்தான் சித்திரம்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'முடிசூடா மன்னன்' என்று சொல்லி என் மனைவியையே சிரிக்கவைத்த தமிழாசிரியர் அய்யா அவர்களே, பந்தலுக்குக் காசு வாங்க மறுத்த மளிகைக் கடை அண்ணாச்சி அவர்களே, மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வரிசை இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நன்றியுரையில் சேர்த்துக்கொள்வார்கள்.

அளவுக்கு மீறி யோசிப்பவர் கதை எழுதுவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. திட்டம், நேரம், திருத்தம் என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

இந்த நோய் எப்படி இருக்கும்? 'மழை பெய்தது' என்று எழுதுவார். உடனே, எந்த மாதத்து மழை? ஐப்பசி என்றால் அறுவடை ஆகியிருக்காதே? அறுவடை ஆகாமல் கதாநாயகன் கையில் பணம் ஏது? பணம் இல்லாமல் இரண்டாம் அத்தியாயத்தில் மதுரைக்கு டிக்கெட் எடுப்பது எப்படி? பேனாவை மூடிவிடுவார். அத்தனை கேள்வியும் நியாயமானவை என்பதுதான் தொல்லை. இவர்களிடம் போய், 'மனம் போன போக்கில் எழுது' என்கிறார்கள். நடக்கிற காரியமா? யோசிக்கிற மனத்துக்கு யோசிக்க ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

நிஜமாகவே சுவரில் எழுதிய ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்ட் என்று ஓர் ஊர். இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்ட் அல்ல. தலைவர் தலையாட்டுகிறார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே இருந்தவர் வில்லியம் ஃபாக்னர், நோபல் பரிசு பெற்றவர். முதல் உலகப் போரை வைத்து 'எ ஃபேபிள்' என்றொரு நாவல் எழுதினார். 1918இல் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று, 'இனிச் சண்டை போட மாட்டோம்' என்று பதுங்கு குழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கதை நடப்பது ஒரே வாரம். எழுத ஆனதோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! புதன்கிழமை இரவு தளபதி எங்கே, கைதி எங்கே? மனிதர் எழுத்தறைச் சுவரிலேயே எழுதிவிட்டார். திங்கள், செவ்வாய் என்று கிழமைகளைத் தலைப்பாகப் போட்டு, கீழே அன்றன்றைய நிகழ்ச்சிகள். ஞாயிறு போக, 'நாளை' என்று இன்னொரு தலைப்பு. வீட்டம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் மேலே வண்ணம் அடித்து மறைத்துவிட்டதாகவும், கணவர் மறுபடியும் எல்லாவற்றையும் எழுதி, அழியாதபடி மெருகெண்ணெய் பூசிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. (சிரிப்பு.) சிரிக்கிற தாய்மார்கள் எல்லாரும் அந்த அம்மாளின் கட்சி என்று தெரிகிறது. 1954இல் நாவல் வெளிவந்தது; அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. வீடு இன்று அருங்காட்சியகம்.

சுவரில் முதலில் இருப்பது திங்கள். புத்தகமோ புதன்கிழமையில் தொடங்கித் திங்களுக்குத் திரும்புகிறது! நடந்த வரிசை கண்முன்னே இருந்தால், சொல்லும் வரிசையை எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். திட்டம் போட்டால் கற்பனை செத்துவிடும் என்பவர்களை அந்த அறையில் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

நாம் சுவரில் எழுதினால் வீட்டுக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். காட்சிக்கு ஒரு வரி: எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பவர் யார். வலப்பக்கம் ஒரு பத்தி காலியாக இருக்கட்டும். எழுதும்போது சந்தேகம் வந்தால், 'அறுவடை?' என்று அங்கே குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஞாயிறு மாலை அந்தப் பத்தியை மட்டும் விசாரியுங்கள். பாதிக் கேள்விகள் அதற்குள் தாமாகவே ஓய்ந்திருக்கும். 'எண்ணித் துணிக' குறளை எனக்கு முன்னே பேசியவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, நேரம். ஆந்தணி டிரொல்லொப் என்ற ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறை அதிகாரி. அதிகாலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். இப்படியே 47 நாவல்கள். ஆனால், அவரை எழுப்பிக் காபி கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார். மேசையும் இருந்தது. இரண்டு அறை வீட்டில் ஆறு பேரோடு இருக்கிற நம் பிள்ளைக்கு மேசை எங்கே?

நம் கிளை நூலகத்தில் இருக்கிறது! ஆனால் பிள்ளைகள் வேலை முடிந்து வரும் நேரத்தில் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மேற்குச் சுவரில் உலகப்படம் மாட்டியிருந்த இடம் ஒழுகி ஒழுகிப் பாசி பிடித்திருக்கிறது; அதன் கீழே இருந்த மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நான் சும்மாவா சொல்லிக்கொண்டிருக்கிறேன்? சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழிக்காரர் எஸ். ஆர். அரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. இன்றைக்கும் நம் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். வசூலிப்பது நகராட்சி, வாங்கிச் செலவழிப்பது நூலக ஆணைக்குழு. இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் பொன்னான வேளை இது. (கைதட்டல்.) தலைவர் அவர்களே, சுவரைக் கட்டிக் கொடுங்கள். அலுவலர் அவர்களே, இரவு எட்டு மணி வரை திறந்துவையுங்கள்.

திருத்தம் பற்றிப் பேச நேரமில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.