தேர் எங்கே?

(மதுரை அமெரிக்கன் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, மூன்று மாதமாக எல்லோருக்கும் போன் போட்டே தொண்டை கட்டிப்போன செயலாளர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொன்ன ஐயாமார்களே, மேடைக்குக் கூப்பிட்டும் வராமல் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்துவிட்ட எங்கள் தமிழையா அவர்களே, பந்தல் போட்டவர்களே, அடுப்படியில் இருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாராவது விட்டுப்போயிருந்தால் பந்தியில் என்னைப் பிடித்துத் திட்டலாம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். இப்படிக் கூடுவது எதற்கு என்பது ஒன்று. சங்கத்தின் கணக்கு வழக்கு ஒன்று. அப்புறம், இளைய செட்டுகள் ஏன் வருவதில்லை என்பது.

1881-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய கல்லூரி இது. இந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தின் முன்னால் நின்று வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்கிறோம். முடி போனவன், பேரன் எடுத்தவன் எல்லோரும் 'மாப்ளே' என்று கட்டிக்கொள்கிறோம். ஜிகர்தண்டா குடிக்கிறோம். நல்லதுதான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள்; சித்திரைத் தேர் பார்த்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் கூடியாச்சு, சரி. தேர் எங்கே?

என் வகுப்பில் ஒருவன். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் கிராமம். இருட்டோடு கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து வருவான். சாப்பிட்டாயா என்றால் 'ஆச்சு' என்பான். இரண்டாவது பீரியடில் அவன் வயிறு உண்மையைச் சொல்லிவிடும். கோரிப்பாளையத்தில் ஒரு டீக்கடை. மாஸ்டருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டான், ரோஷக்காரன். ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு நாக்கு செத்துப்போச்சு. இந்த வடையில உப்பு சரியா இருக்கான்னு பாரு." தின்றுவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்றான். "ஒண்ணுல தெரியாதுப்பா, இன்னொண்ணு பாரு." மறுநாள் சட்னிக்கு உப்பு பார்க்கச் சொன்னார். சட்னியை வெறுமனே எப்படிப் பார்ப்பது? இட்லி வைத்தார். மூன்று வருஷம், ஐயா! மூன்று வருஷம் அந்தக் கடையில் உப்பு பார்க்கிற உத்தியோகம் அவனுக்கு. எங்கள் செட்டில் முதலில் வேலை கிடைத்தது இவனுக்குத்தான் என்று கேலி செய்வோம். இன்றும் வந்திருக்கிறான், எழுந்திருக்காதேடா, உட்கார். காலை டிபனில் ஒரு வாய் வைத்ததுமே "சாம்பாருக்கு உப்பு பத்தல" என்றான்.

அந்த மாஸ்டர் செய்ததைத்தான் நாம் செய்ய வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று, வைகைக்கு அந்தக் கரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சரி. பதினெட்டு வயதில் பசிக்காதா? அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்குக் கொடுத்ததுபோக டிபனுக்கு அதில் என்ன மிஞ்சும்?

நான் கேட்பது நாலு இட்லி, சாம்பார். முதல் மணி அடிப்பதற்கு முன்னால். டோக்கன் வேண்டாம், ஏழை என்று விண்ணப்பம் எழுத வைக்க வேண்டாம். வந்தவன் சாப்பிடட்டும். இன்றைய ஃப்ளெக்ஸுக்கும் பொன்னாடைக்கும் ஆன செலவைச் செயலாளர் என் காதில் சொன்னார். போர்த்திய பொன்னாடையோடு நின்றுகொண்டு அதை நான் எப்படிச் சொல்வது!

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. கணக்கு வழக்கும் இளைய செட்டுகளும் அடுத்த வருஷம். தேர் எங்கே என்று கேட்டேன் அல்லவா? வடம் அதோ வாசல் மேஜையில், ஒரு நோட்டாகக் கிடக்கிறது. எந்தத் தேதி டிபன் யார் செலவு என்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உப்பு பார்த்தவனுடையது. பந்திக்குப் போகிற வழியில்தான் மேஜையைப் போட்டிருக்கிறோம். வணக்கம்.