போட்டியில் இறங்காதவர் நல்ல ஆசானாக இருக்க முடியுமா?

கேள்வியை அப்படியே படிக்கிறேன். "மகளுக்கு 11 வயது. அவளோடு நானும் தற்காப்புக் கலை கற்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு பயிற்சிக்கூடங்களைப் பார்த்தோம். ஒரு மாஸ்டரின் சுவர் முழுக்கப் பதக்கங்கள். இன்னொருவர் 25 ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் எந்தப் போட்டியிலும் இறங்கியதில்லையாம். யாரிடம் சேர்வது?"

பதக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். போட்டி அனுபவம் ஓர் ஆசானுக்குப் பெரிய சொத்து. அது எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம்.

1975இல் மணிலாவில் குத்துச்சண்டை உலகப் பட்டத்துக்காக முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதினார்கள். 14 ரவுண்டுகள் முடிந்துவிட்டன, இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப்போய், வருகிற குத்து தெரியவில்லை. அவரோ எழுந்து போகத் துடிக்கிறார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் முடியாது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். உலகப் பட்டம், கடைசி மூன்று நிமிடம், எதிரே அலியும் களைத்துக் கிடக்கிறார். அந்த நேரத்தில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். ஃபட்ச் இளமையில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரர். பின்னாளில் உலகச் சாம்பியனான ஜோ லூயிஸுடன் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) செய்தவர். இதயக் கோளாறு தெரியவந்ததால் தொழில்முறைக்குப் போக முடியவில்லை. குத்து வாங்கியவனின் கண்ணைப் பார்த்தே அவனிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணிக்கத் தெரிந்தவர்.

ஃபிரெடி ரோச் இதே ஃபட்சின் மாணவர். "போதும், நிறுத்திக்கொள்" என்று குரு சொன்னபோது கேட்கவில்லை. பிடிவாதமாக 1986 வரை ஆடினார். பின்னால் பார்க்கின்சன் நோய் வந்தது. திரும்பவும் ஃபட்சிடமே போய், உதவியாளராக நின்று தொழில் கற்றார். பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவோவை உலக நட்சத்திரமாக உருவாக்கியவர் இவர்தான். ஆகவே ஒரு மாஸ்டரிடம் "எத்தனை பதக்கம்?" என்று கேட்பதைவிட, "எந்தத் தோல்விக்குப் பிறகு உங்கள் பயிற்சியை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையாகவே ஆடியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார். மற்றவர் நடுவரைத் திட்டுவார்.

களத்தில் நின்றவருக்கு இன்னொன்றும் தெரியும். பதற்றத்தில் மூச்சு முட்டும், பார்வை குறுகும், காதில் எதுவும் ஏறாது. அதனால் ஒரு நிமிட இடைவேளையில் நல்ல பயிற்சியாளர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வார்: "இடது கையை இறக்காதே." அவ்வளவுதான், பிறகு தண்ணீர். அனுபவமில்லாதவர் அந்த ஒரு நிமிடத்தில் ஏழு அறிவுரைகளை அடுக்குவார். மாணவன் தலையாட்டிவிட்டுப் போய் அதே தவறைச் செய்வான்.

மறுபக்கமும் உண்டு. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக இருந்ததே இல்லை. ஆனால் 1956இல் 21 வயது ஃபிளாய்ட் பேட்டர்சனை மிக இளைய ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆக்கினார். 1986இல் அந்தச் சாதனையை 20 வயதில் முறியடித்த மைக் டைசனும் அவர் வளர்த்த பிள்ளைதான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பிடித்து மடக்கும் கலையான ஜியு ஜிட்சுவில் பயிற்சியாளர் ஜான் டனஹர். முழங்கால் கோளாறு காரணமாகப் போட்டிப் பக்கமே போகாதவர். கலப்புத் தற்காப்புக் கலைச் (MMA) சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர், ஜியு ஜிட்சு சாம்பியன் கார்டன் ரயன் போன்றவர்கள் அவரிடம் கற்றார்கள். இருவரும் பெரிய களத்தில் ஆடவில்லையே தவிர, அவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒவ்வொரு நாளும் சோதிக்கப்பட்டது. மாணவர்கள் வெளியாட்களோடு மோதினார்கள். எடுபடாததை அடுத்த வாரமே தூக்கிப் போட்டார்கள். நீங்கள் சொன்ன இரண்டாவது மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: அவர் மாணவர்கள் வேறு பயிற்சிக்கூடத்தாரோடு மோதியிருக்கிறார்களா? 25 ஆண்டுகள் நான்கு சுவருக்குள்ளேயே ஓடியிருந்தால் எனக்குத் தயக்கம்தான்.

சாம்பியன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்று சிலர் பொத்தாம்பொதுவாகப் பேசுகிறார்கள், அதுவும் சரியில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஆண்கள் ஜூடோ அணிக்கு ஒரு தங்கம்கூட இல்லை. அதன்பின் பொறுப்பேற்ற கொசெய் இனோவே, சிட்னியில் தங்கம் வென்றவர், ஏதென்ஸில் வெறுங்கையோடு திரும்பியவர். டோக்கியோவில் அவருடைய அணி ஐந்து தங்கம் வென்றது.

பதக்கம் என்றால் எந்த விதிப்படி வென்றது என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே இறுதிப் போட்டி ஒன்றில் சவூதி வீரர் தாரெக் ஹமேதி விட்ட உதையில் ஈரானின் சஜாத் கஞ்சாதே மயங்கி விழுந்தார். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு! உதை விதியை மீறிய வேகத்தில் இருந்ததால் ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அந்த விளையாட்டில் அதுதான் நியாயம். கிக் பாக்ஸிங்கில் அதே உதை வெற்றி. கராத்தேயிலேயே கட்டாவில் (தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்பு) வாங்கிய பதக்கம், குமித்தேயில் (எதிராளியோடு மோதுவது) வாங்கிய பதக்கம், இரண்டும் வேறு வேறு திறமை. ஒரு எடைப் பிரிவில் இரண்டே பேர் வந்த போட்டியில் தோற்றவருக்கும் வெள்ளி உண்டு, அதுவும் சுவரில் பளபளவென்றுதான் தொங்கும். ஆண்டு, போட்டி, பிரிவு சொன்னால் தேடிப் பார்க்கலாம். தொழில்முறைக் குத்துச்சண்டை முடிவுகளைத் தேட பாக்ஸ்ரெக் (BoxRec) இணையதளம் இருக்கிறது. "அது ரகசியப் போட்டி, பதிவு கிடையாது" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சேர்வதற்கு முன் இரண்டு இடத்திலும் ஒரு ஸ்பாரிங் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பேட் (மாணவன் குத்திப் பழக மாஸ்டர் கையில் மாட்டும் மெத்தை) பிடிக்கும் மாஸ்டரின் கைகளைக் கவனியுங்கள். மாணவன் குத்திவிட்டுக் கையைத் தாழ்த்தினால், அதே பேடால் அவன் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு விழ வேண்டும். பேடை மரம்போல நீட்டிக்கொண்டு எண்ணிக்கை மட்டும் சொல்கிறவர் உடற்பயிற்சி செய்ய வைக்கிறார், அவ்வளவே. புதிதாக வந்தவனை அடித்துத் தன் திறமையைக் காட்டுகிறவரிடம் எத்தனை பதக்கம் இருந்தாலும் வேண்டாம்.

மகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இந்த வயதில் தலையில் பலமான அடி விழும் ஸ்பாரிங் தேவையே இல்லை. போட்டிக்கு எடை குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறை என்று 11 வயதுப் பிள்ளையிடம் ஒருவர் சொன்னால், அவர் உலகச் சாம்பியனாகவே இருக்கட்டும், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.