துணி எடுக்கப் போகும் முன்

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பசுமைப் படை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ்வது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருப்பதால் அந்தப் பொன்னாடையிலிருந்தே தொடங்குகிறேன்; கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து நிமிடம் தோளில் கிடந்துவிட்டு, என் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போகப்போகிற துணி இது. அங்கே இதன் உடன்பிறப்புகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. குளிருக்குப் போர்த்தினால் கதகதப்பு இல்லை, தலை துவட்டினால் ஈரம் இழுக்காது, பாலியஸ்டர் என்பதால் மண்ணில் புதைத்தாலும் மட்காது. எதற்குப் பயன்படும் என்று யாரும் கேட்காமலே ஒரு துணி உற்பத்தியாகி, விற்பனையாகி, என் பரண் வரைக்கும் வந்து சேர முடிகிறது. இன்று நான் பேச விரும்புவது அந்தக் கேட்காமையைப் பற்றித்தான்.

உங்கள் வயதினரிடம் பேச அழைத்தால், மரம் நடுங்கள், குழாயை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். அவை செய்ய வேண்டியவைதான். ஆனால் பதினாறு, பதினேழு வயதில் வீட்டின் எந்த முடிவு உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீடு எங்கே கட்டுவது, சமையலுக்கு எந்த அடுப்பு, அப்பா எந்த வண்டியில் வேலைக்குப் போவது என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்வது. உங்கள் உடம்பில் எந்தச் சட்டை, அது எத்தனை சட்டை, எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பெற்றோர் பணம் கொடுக்கிறார்கள், அவ்வளவே. என் இளமையில் தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை துணி எடுப்பார்கள். இடையில் யாருக்காவது கல்யாணம் வந்தால் அது அதிர்ஷ்டம். இப்போது கைப்பேசியில் விரலை நகர்த்தினால் மூன்றாம் நாள் சட்டை வாசலுக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சட்டை வந்த வழியைக் கொஞ்சம் பின்னோக்கி நடந்து பார்ப்போம். நம் கொங்கு நாட்டில் அந்த வழி ஓர் ஆற்றங்கரையில் போய் முடிகிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு திருப்பூருடையது. அந்த வளர்ச்சியின் நிறத்தை முதலில் சுமந்தது இந்த ஆறு. திருப்பூரைத் தாண்டி ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது மழைநீரைவிடச் சாயக்கழிவு நீராக இருந்தது. அணையில் தண்ணீர் இருக்கிறது, திறந்துவிடாதீர்கள் என்று கீழேயுள்ள விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயியைத்தான் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயியைச் சொல்ல வைத்த அணை இதைப் போல் எனக்கு வேறொன்று தெரியாது. கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ப்பு குறைந்தது, மாடுகள் அந்த நீரில் வாய் வைக்க மறுத்தன.

ஏன் உப்பு? சாயம் என்றால் நிறம்தானே கெடுக்க வேண்டும், உப்பு எங்கிருந்து வந்தது? வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பருத்தி இழையைத் தண்ணீரில் நனைத்தால் அதன் பரப்பு எதிர்மின்சுமை பெறுகிறது. இன்று பருத்திக்குப் பெருமளவில் பயன்படும் வினைச்சாயங்களும் நீரில் கரைந்ததும் எதிர்மின்சுமை கொண்டவை. ஒத்த சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். விலகி ஓடும் சாயத்தை இழையோடு நெருங்க வைப்பதற்காகச் சாயத்தொட்டியில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ அள்ளிக் கொட்டுகிறார்கள். வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும், கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு போன்றவற்றுக்கு லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரையும் உப்பு தேவைப்படுகிறது. கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். அதாவது, நீங்கள் விரும்பி அணியும் கறுப்பு டி-சர்ட், கடலைவிட உப்பான ஒரு நீரில் ஊறி எழுந்து வந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர், லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று கொண்டால் 640 கிராம். ஒரு கிலோவில் ஐந்து டி-சர்ட் வரும் என்றால், ஒன்றுக்கு நூற்று இருபது கிராமுக்கு மேல் உப்பு. இந்த உப்பில் ஒரு கல்கூடச் சட்டையில் தங்குவதில்லை. சாயத்தை இழையில் ஏற்றிவிட்டு முழுவதும் கழிவுநீரோடு வெளியே போகிறது. இழையில் ஒட்டாமல் மீந்த சாயமும் அடுத்தடுத்த அலசல்களில் அதன் பின்னாலேயே போகிறது. நிறத்தைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம். உப்பு கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டினாலும் நிற்காது.

விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். இன்று கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். கிடைக்கும் உப்பில் ஒரு பகுதியைத் திரும்பவும் சாயத்தொட்டிக்கே பயன்படுத்துகிறார்கள். உலகின் பல துணி மையங்கள் செய்யாததைத் திருப்பூர் செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு விறகும் மின்சாரமும் வேண்டும். திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. ஆற்றில் போனது இப்போது சாக்கில் இருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, ‘என் அப்பா பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார், எல்லோரும் துணி வாங்குவதைக் குறைத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இரண்டு முறை துவைத்ததும் கழுத்து தொய்ந்து போகிற நூற்றைம்பது ரூபாய்ச் சட்டையில் தையல்காரருக்குப் போகும் பங்கு மிகச் சிறியது. விலையை அடித்து நொறுக்கும் போட்டியில் முதலில் நசுங்குவது பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் கூலிதான். மலிவான சட்டைகள் நான்கை வாங்கும் பணத்தில் நன்றாகத் தைத்த இரண்டை வாங்கி நான்கு வருடம் உடுத்துபவர், உங்கள் அப்பாவுக்குப் பகை அல்லர்.

பருத்திச் செடிக்குப் போன தண்ணீரையும் சேர்த்தால், ஒரு டி-சர்ட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் என்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு ஒன்று உண்டு. பல் துலக்கும்போது குழாயை மூடி நீங்கள் ஒரு நாளில் மிச்சம் பிடிப்பது ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேவையில்லாத ஒரு சட்டையை வாங்காமல் விட்டால் மிஞ்சுவது அப்படி ஒன்றரை வருடம் குழாயை மூடியதற்குச் சமம். குழாயையும் மூடுங்கள், எது பெரிய குழாய் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சரி, இருக்கிற துணியை என்ன செய்வது? இதில் நம் பாட்டிமாரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என் பாட்டியின் ஒரு நூல் புடவை எப்படி வாழ்ந்தது என்று சொல்கிறேன். முதல் சில வருடம் விசேஷங்களுக்கு. அடுத்த சில வருடம் வீட்டுக்கு. முந்தானை கிழிந்ததும் அது என் தம்பிக்குத் தூளியானது, விட்டத்தில் தொங்கிய அந்தத் தூளியில் பின்னர் இரண்டு குழந்தைகள் வளர்ந்தன. தூளி நைந்ததும் நான்காக மடித்து ஓரம் தைத்துப் படுக்கை விரிப்பு. அதன் பிறகு அடுப்பங்கரையில் கரித்துணி. கடைசியில் திரித்து, விளக்குத் திரியாகவும் கொஞ்சம் எரிந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லை அவர் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. நூல் விலை அதிகம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்களிடம் தூளி கட்டச் சொல்லவில்லை. பொத்தான் தைக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தையல் விட்ட இடத்தை உடனே பிடித்தால் ஒரு விரற்கடை, தள்ளிப்போட்டால் ஒரு சாண். நிறத்துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்தினால் சாயம் நாள்பட நிற்கும். இறுகிப் போன கால்சட்டையைத் தெருமுனைத் தையல் கடையில் கொடுத்தால் சில பத்து ரூபாயில் ஆல்டர் செய்து தருவார். அந்தப் பணம் நம் ஊரிலேயே தங்கும். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் எப்போது நம் வீடுகளுக்குள் நுழைந்தது என்று எனக்குப் புரியவில்லை. நானும் அண்ணன் சட்டையில்தான் பள்ளி முடித்தேன். சட்டைப் பையில் அவர் பேனா கசிந்த மைக்கறை உட்பட.

இன்னொரு பொறியும் உண்டு. பசுமையாக வாழப்போகிறேன் என்று முடிவெடுத்ததும் சிலர் செய்யும் முதல் வேலை கடைக்குப் போவது. இருக்கிற குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிய எவர்சில்வர் குப்பி, மூங்கில் பல்துலக்கி, படம் போட்ட துணிப்பை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் பருத்திப் பையும் வயலில் தண்ணீர் குடித்துத்தான் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான முறை கடைக்குப் போய் வந்தால்தான் அது நெகிழிப் பையை வென்றதாக அர்த்தம். உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தாம்பூலப் பைகளை இன்று மாலை எண்ணிப் பாருங்கள். மணமக்கள் பெயர் அச்சிட்ட முப்பது பை இருக்கும் வீட்டில் முப்பத்தோராவது பை எதற்கு?

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைப் பொறுத்தவரை, அது தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி நீங்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே, அதாவது தயாரிப்பிலேயே, வெளியேறிவிடுகிறது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கிவைப்பதைவிட இன்னும் இரண்டு வருடம் அதே கைப்பேசியை வைத்திருப்பது மேல். உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டி எத்தனை வீட்டுக் கொல்லையில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உரிமம் இல்லாத வயதில் அப்பாவின் பைக்கைத் தொடுவதைவிட அதற்கு எண்ணெய் போடுவது எல்லா வகையிலும் நல்லது.

போகியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் பழந்துணி கடைசியில் அங்கேதான் போகிறது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்பதைப் போகிக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இலக்கணத்தார் அதைச் சொற்களின் வழக்கைப் பற்றிச் சொன்னார்களே தவிர, டயரையும் பாலியஸ்டர் சேலையையும் கொளுத்துவதைப் பற்றி அல்ல. கோரைப் பாயும் கிழிந்த பருத்தித் துணியும் எரிந்த காலத்துச் சடங்கு அது. இன்று அந்தக் குவியலில் பாதி பெட்ரோலியத்திலிருந்து வந்தது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதப்பட்டன. உங்கள் தெருவில் விடியற்காலை மூட்டும் தீயில் எது போகலாம், எது போகக்கூடாது என்று முந்தைய நாள் இரவே பிரித்து வைக்கும் வேலையை உங்கள் வயதினர்தான் செய்ய முடியும். பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, தலைமையாசிரியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். நூலகத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் மர அலமாரியை வரும்போது பார்த்தேன். அதைப் பசுமைப் படை மாணவர்களிடம் ஒப்படைத்தால், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சீருடைகளைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவுவாரியாக அடுக்கி, ஜூன் மாதம் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டாம். எடுப்பவருக்கு அது சங்கடமாக இருக்கும். அலமாரியின் மேல் தட்டை மட்டும் பள்ளி நாடகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். இந்தப் பொன்னாடையை இங்கேயே விட்டுச் செல்கிறேன், வீட்டிலிருக்கும் நாற்பதையும் அடுத்த வாரம் அனுப்புகிறேன். இனி உங்கள் நாடகங்களில் எந்த அரசருக்கும் அங்கவஸ்திரத்துக்குப் பஞ்சம் இருக்காது. வணக்கம்.